ஓலையும் மையும்: எழுத்தின் வயது, மையின் வயது

(கிளமெண்டியில் நிகழ்த்தப்பெற்ற பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய பொருள் சுவடிகளில் உள்ள மையையும் வண்ணத்தையும் அறிவியல் வழியில் ஆராய்வது பற்றியது. மொழியியல் பயின்றவர்க்கு வேதியியலில் என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். அவ்வெண்ணம் ஒரு காலத்தில் நமக்கும் இருந்தது. அது எவ்வளவு பெரிய பிழை என்பதை ஒரு சிற்றூர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கற்றுக்கொண்டோம். அதனைப் பின்னர்க் கூறுவோம். முதலில் நமக்கு அண்மையில் உள்ள ஒரு கல்லிலிருந்து தொடங்குவோம்.

சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் ஏறத்தாழ 50 வரிகள் பொறித்த ஒரு பெரும் பாறை இருந்தது. 1819ஆம் ஆண்டில் அது பலர் கண்ணில் பட்டது. அதைப் படிக்க முயன்றவர்களைப் பற்றி முன்ஷி அப்துல்லா தம் வரலாற்று நூலில் எழுதியுள்ளார். சிலர் மாவைப் பிசைந்து எழுத்துகளின்மீது அழுத்தி அச்செடுத்தனர். வேறு சிலர் எழுத்துப் புலப்படும்பொருட்டு விளக்குக்கரியைத் தேய்த்தனர் என்பது அவர் தரும் செய்தி. மலாக்காவில் தமிழும் பயின்றவர் அப்துல்லா. கரி தேய்த்து எழுத்தைக் காணும் வழக்கம் தமிழ் ஓலைச்சுவடிக்கும் உரியது என்பதை நாம் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். 1843இல் அப்பாறை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. எஞ்சிய ஒரு துண்டு இன்று தேசிய அரும்பொருளகத்தில் உள்ளது. அதன் எழுத்து இன்றுவரை முழுமையாகப் படிக்கப்படவில்லை.

பொருள் அழிந்தால் எழுத்தும் அழியும். இது எவரும் அறிந்தது. பொருள் அழியாமலேயே, படிக்க முயலும் நம் கையாலேயே, சான்று அழிவதும் உண்டு. இச்சொற்பொழிவின் மையக் கருத்து அதுவே.

மை என்னும் சொல்

சொல்லிலிருந்து தொடங்குவது நம் துறையின் பழக்கம். தமிழில் 'மை' என்பது கருமை, கண்ணுக்குத் தீட்டும் அஞ்சனம், மேகம், இருள், குற்றம் எனப் பல பொருள்களில் வழங்கும். எழுதும் மை என்னும் பொருள் இவற்றோடு சேர்ந்த ஒன்று. 'எழுதுதல்' என்னும் வினையும் அத்தகையதே. பழந்தமிழில் அது ஓவியம் தீட்டுதலையும், மார்பிலும் தோளிலும் தொய்யில் வரைதலையும், கண்ணுக்கு மை தீட்டுதலையும் குறித்தது. திருக்குறளின் 1285ஆம் பாவில் வரும் கோல் ஏட்டில் எழுதும் கோலன்று, கண்ணுக்கு மை தீட்டும் கோலாகும்.

சுவடியைப் பொறுத்தவரை நமக்கு இன்றியமையாத சொல் 'மையாடல்'. பரிபாடலிலேயே இச்சொல் உண்டு. சிறுவர்க்குக் கல்வி தொடங்கும்போது புதிய ஓலைக்கு மை பூசிக் கொடுக்கும் வழக்கம் அண்மைக் காலம்வரை நம் திண்ணைப் பள்ளிகளில் இருந்தது. ஓலையில் எழுத்தாணியால் எழுதியபின் மை பூசுதலை அச்சொல் குறித்தது. கல்வி தொடங்குதலுக்கே அது பெயராகவும் ஆயிற்று.

மற்றொரு சொல் 'மசி'. வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த இச்சொல்லின் உறவுச்சொல் 'மங்சி' என்னும் வடிவில் சாவக மொழியில் வழங்குகிறது. மலாயில் மையைக் குறிக்கும் 'டாக்வாத்' அரபு வழி வந்தது. இந்தோனேசியர் வழங்கும் 'திந்தா' போர்த்துகீசிய வழி வந்தது. இத்தீவுகளுக்கு எவரெவர் எழுத்தோடு வந்தனர் என்பதை மையின் பெயர்களே வரிசையாகக் காட்டுகின்றன. ஆங்கிலத்தின் 'இங்க்' என்பதற்கு மூலமான கிரேக்கச் சொல், சூட்டால் பதித்தது என்று பொருள்படும். தமிழ் நிறத்தால் பெயரிட்டது. கிரேக்கம் செய்முறையால் பெயரிட்டது.

மூவகை மை

உலகின் பழஞ்சுவடிகளில் காணப்படும் கரிய, பழுப்பு நிற மைகளை ஆய்வாளர் பெரும்பாலும் மூன்று வகையாகப் பிரிப்பர்.

முதலாவது கரிமை. விளக்குப் புகையையோ, எரித்த மரக்கரியையோ பிசினோடு அல்லது எண்ணெயோடு சேர்த்துச் செய்வது. எகிப்திலும் சீனத்திலும் இந்தியாவிலும் தொன்றுதொட்டு வழங்குவது இதுவே.

இரண்டாவது இரும்புத் துவர்ப்பு மை. துவர்ப்புப் பொருள் மிக்க மாசிக்காயின் சாற்றோடு அன்னபேதியைச் சேர்த்தால் கருநீல மை உண்டாகும். ஐரோப்பாவின் இடைக்காலத் தோற்சுவடிகளில் பெரும்பான்மையானவை இம்மையால் எழுதப்பட்டவை. நம் நாட்டில் மாசிக்காய்க்குப் பதிலாகக் கடுக்காய் பயன்பட்டது. மாணவர்கள் ஐயுறவேண்டியதில்லை. சிராங்கூன் சாலையின் நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாங்கிக் கொதிக்கவைத்து, துருப்பிடித்த ஆணி இரண்டை அதில் ஒரு நாள் ஊறப்போட்டால் சாறு கறுப்பதைத் தம் கண்ணாலேயே காணலாம். மாசிக்காயை மலாய்க்காரர் 'மஞ்சகானி' என்பர்.

மூன்றாவது மரப்பட்டை முதலியவற்றின் சாற்றிலிருந்து பெறும் துவர்ப்பு மை. இதில் இரும்பு மிகக் குறைவு அல்லது இல்லை.

வண்ணங்களும் இவ்வாறே. சிவப்புக்குச் சாதிலிங்கம், செந்தூரம், காவி, மஞ்சளுக்கு அரிதாரம், நீலத்திற்கு அவுரி. இவற்றுள் சாதிலிங்கத்தில் பாதரசமும், செந்தூரத்தில் ஈயமும், அரிதாரத்தில் ஆர்சனிக்கும், காவியில் இரும்பும் உண்டு. கண்ணுக்கு ஒரே சிவப்பாகத் தோன்றுபவை கருவிக்கு மூன்று வேறு பொருள்கள்.

கருவிகள் காட்டுவன

சுவடியிலிருந்து ஒரு துகளும் எடுக்காமல் ஆராய்வதே இன்றைய முறையின் சிறப்பு. அதற்குரிய கருவிகளுள் மூன்றை மட்டும் கூறுவோம்.

ஒன்று, பல்வேறு அலைநீள ஒளியில் படமெடுத்தல். கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியில் கரிமை கறுப்பாகவே நிற்கும். துவர்ப்பு மை விரைவில் மறைந்துவிடும். இரும்புத் துவர்ப்பு மை அலைநீளம் கூடக்கூட மங்கி இறுதியில் மறையும். ஆகவே எம்மை எவ்வகை என்பதை ஓரளவு படத்தாலேயே கூறிவிடலாம். முதுமையால் கறுத்த ஓலை அகச்சிவப்பு ஒளியில் வெளிறித் தோன்ற, அதன்மீதுள்ள கரி எழுத்து தெளிவாக நிற்பது சுவடி படிப்பவர்க்குப் பெரும்பேறு. புற ஊதா ஒளியிலோ மஞ்சள் பூசிய இடம் தனியே ஒளிரும்.

இரண்டு, எக்ஸ் கதிர் ஒளிர்வு முறை. கதிர் பட்ட தனிமங்கள் தத்தமக்குரிய கதிரைத் திருப்பி உமிழும். இரும்பு, செம்பு, துத்தநாகம், ஈயம், பாதரசம் ஆகியவற்றை இது காட்டிக்கொடுக்கும். கையடக்கக் கருவிகளால் கரியைக் காண இயலாது. அது மிக இலேசான தனிமம்.

மூன்று, இராமன் நிறமாலை முறை. திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த ச.வெ. இராமன் 1928இல் கல்கத்தாவில் கண்டறிந்த ஒளிச்சிதறலே இதற்கு அடிப்படை. எக்ஸ் கதிர் ஒளிர்வு காணத் தவறும் கரியை இது இரண்டு அகன்ற பட்டைகளாகக் காட்டிவிடும். சாதிலிங்கம், அரிதாரம், அவுரி ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் உண்டு.

இவ்வகை ஆய்வு மேனாட்டார் தனியுடைமை என்று எண்ணிவிடக்கூடாது. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இலேயே வேதியியல் பாதுகாப்புக் கூடம் அமைந்தது. அங்குப் பணியாற்றிய எஸ். பரமசிவன், தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் கால ஓவியங்களையும் சித்தன்னவாசல் ஓவியங்களையும் சுண்ணச் சாந்து, வண்ணம், பிணைப்புப் பொருள் எனப் பகுத்து ஆராய்ந்து வெளியிட்டார். நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் கால ஓவியம் மறைந்திருந்ததை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்ததன் தொடர்ச்சியாக அவ்வாய்வு நிகழ்ந்தது. மேல் அடுக்கின் கீழ் வேறோர் அடுக்கு இருக்கும் என்னும் பாடத்தை நாம் சுவரில் கற்றோம். ஏட்டில் கற்க மறந்தோம்.

உலகிலிருந்து மூன்று சான்றுகள்

கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீசின் நூல்களைக் கொண்ட 10ஆம் நூற்றாண்டுத் தோற்சுவடி ஒன்று 13ஆம் நூற்றாண்டில் சுரண்டப்பட்டது. அதன்மேல் வழிபாட்டு நூல் எழுதப்பட்டது. 20ஆம் நூற்றாண்டில் எவரோ சில பக்கங்களின்மீது போலி ஓவியங்களையும் தீட்டினர். அவ்வோவியத்தின் அடியில் இருந்த பழைய எழுத்தை, மையில் எஞ்சிய இரும்பைக் கொண்டு, கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு சிங்க்ரோட்ரான் கதிரால் படித்தனர். அத்தகைய ஒளிமூலம் ஒன்று இங்கிருந்து சிறிது தொலைவில், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் கெண்ட் ரிட்ஜ் வளாகத்திலும் உண்டு.

அடுத்தது வின்லாந்து வரைபடம். கொலம்பசுக்கு முன்பே வடவர் அமெரிக்காவை அறிந்திருந்தமைக்குச் சான்றாக 1965இல் யேல் பல்கலைக்கழகம் அதனை வெளியிட்டது. அதன் மையில் டைட்டானியம் சேர்மம் இருப்பதை 1970களிலேயே வால்டர் மெக்ரோன் கூறினார். அச்சேர்மம் 20ஆம் நூற்றாண்டில்தான் வண்ணப்பொருளாக விற்பனைக்கு வந்தது. வரைபடம் போலி என்று 2021இல் யேல் பல்கலைக்கழகமே அறிவித்தது. தோல் பழையது, மை புதியது.

மூன்றாவது சான்று மனத்தைத் தொடுவது. ஜெர்மனியின் டால்ஹைம் என்னும் ஊரில் பெண் துறவியர் மடத்து இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டிருந்த ஒரு பெண்ணின் பற்காரையில் நீலத் துகள்கள் இருந்தன. ஆப்கானிஸ்தானத்திலிருந்து வந்த, பொன்னுக்கு நிகரான விலையுடைய நீலக்கல்லின் பொடி அது என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கியதால் அது பல்லில் படிந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. அப்பெண் வாழ்ந்தது ஏறத்தாழ 11, 12ஆம் நூற்றாண்டுகளில். சுவடிகளை அணிசெய்தவர்கள் ஆண் துறவியரே என்னும் நெடுநாள் எண்ணம் அத்துகள்களால் அசைந்தது. பெயர் எழுதாத ஒருத்தியின் தொழிலை மை எழுதி வைத்தது.

ஓலையின் தனி இயல்பு

இனி நம் சுவடிகளுக்கு வருவோம். நேபாளத்திலும் வட இந்தியாவிலும் ஓலையின்மேல் எழுதுகோலால் மைகொண்டு எழுதினர். அங்கு மையே எழுத்து. மையை ஆராய்ந்தால் எழுத்தை ஆராய்ந்ததாகும். தென்னாட்டிலும் இலங்கையிலும் பாலித் தீவிலும் நிலை வேறு. எழுத்தாணி ஓலையைக் கீறுகிறது, கீறலே எழுத்து. கீறிய அன்று அது நிறமற்றது. பின்பு மை பூசித் துடைத்தால் கீறலில் மட்டும் கரி தங்கி எழுத்துப் புலப்படும். பாலியில் மெழுகுக்கொட்டையை எரித்த கரியைப் பூசுவர். நம் நாட்டில் விளக்குக்கரியும் மாவிலைக் கரியும், கோவையிலை, ஊமத்தையிலைச் சாறுகளும், மஞ்சளும் வசம்பும் சேர்ந்தன. சாறு கரியை ஓலையில் பிணித்தது. மஞ்சளும் வசம்பும் பூச்சியை விலக்கின.

இதிலிருந்து ஒரு முடிவு பெறப்படுகிறது. நம் ஓலையில் எழுத்தின் வயது வேறு, மையின் வயது வேறு. எழுத்து ஒரு முறை எழுதப்பட்டது. மையோ படிக்க எடுத்தவர் ஒவ்வொருவராலும் மீண்டும் பூசப்பட்டிருக்கலாம். பூசைநாளில் சந்தனமும் குங்குமமும் சேர்ந்திருக்கும். நூலகத்தில் எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவியிருப்பர். ஆகவே தமிழ் ஓலையின் மையை ஆராய்பவர் எழுதியவரை மட்டும் தேடக்கூடாது. அங்கிருப்பது படித்தவர்களின் வரலாறு. எந்த ஏடுகள் பலமுறை மையாடின, எவை தொடப்படாமல் கிடந்தன என்பது ஒரு நூலின் வாழ்க்கையையே கூறும். பாடம் சொல்லும் ஆசிரியர்க்கு இதைவிடச் சுவையான செய்தி வேறில்லை.

எங்கள் கையால் நேர்ந்தது

முனைவர் பட்ட ஆய்வுக் காலத்தில் நாங்கள் இருவர், தஞ்சை வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், ஒரு குடும்பத்தார் காத்துவந்த உரைநடைச் சுவடியைப் படிக்க அனுமதி பெற்றோம். நிகழ்கால இடைநிலைகளாகிய 'கிறு', 'கின்று' இரண்டின் வரலாற்றைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. அச்சுவடியில் 'வருகிறான்', 'செய்கிறான்' என்னும் வடிவங்கள் எழுதப்பட்டிருந்தன. பல இடங்களில் வரிக்குமேல் சிறியதாக ஒரு னகரம் சேர்க்கப்பட்டு அவை 'வருகின்றான்', 'செய்கின்றான்' எனத் திருத்தப்பட்டிருந்தன. எழுதியவர் தாமே பிழை நோக்கித் திருத்தினாரா, பின்வந்த ஒருவர் பேச்சு வடிவம் என்று கருதி மாற்றினாரா என்பது எங்களுக்கு முதன்மையான வினா.

படிப்பதற்கு எளிதாகட்டும் என்று வழக்கப்படி கரியும் இலைச்சாறும் குழைத்து அத்தனை ஏடுகளிலும் பூசித் துடைத்தோம். எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. மகிழ்ந்தோம். மாலையில் முதல் நாள் குறிப்பேட்டைப் புரட்டியபோது எங்கள் கையெழுத்திலேயே ஒரு வரி இருந்தது: மூல எழுத்துகளில் பழைய பழுப்பு மை உள்ளது, சேர்த்த னகரங்களில் மை இல்லை, வெண்மையாக உள்ளன. அவ்வரியின் பொருள் அப்போதுதான் விளங்கிற்று. மூல எழுத்துகள் மையாடியபின்னரே அந்த னகரங்கள் கீறப்பட்டிருக்க வேண்டும். திருத்தம் பிற்காலத்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. அச்சான்றை நாங்களே காலையில் அழித்துவிட்டோம். எல்லா எழுத்தும் ஒரே கறுப்பாக நின்றன. படம் எடுத்திருக்கவில்லை. எத்தனை னகரங்கள் வெண்மையாக இருந்தன, எவையேனும் பழுப்பாகவும் இருந்தனவா என்று கேட்பவர்க்குச் சொல்ல எங்களிடம் எண்ணிக்கை இல்லை. ஆய்வேட்டில் அச்சுவடியின் திருத்தங்களைச் சான்றாகக் காட்ட இயலாமற் போயிற்று. வீட்டுப் பெரியவர், ஏடு புதிதுபோல் ஆகிவிட்டதே என்று எங்களைப் பாராட்டினார். அப்பாராட்டு இன்றும் உறுத்துகிறது.

கருவியின் எல்லை

ஆய்வுக்கருவி எல்லாவற்றையும் கூறிவிடும் என்று நாம் கூற வரவில்லை. ஓலையில் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் காட்டப்படுவதில்லை. ரகரத்தையும் காலையும் பிரித்தறிவது அரிது. கீறல் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும், அது 'செறு' என்பதா 'சேறு' என்பதா என்று முடிவு செய்ய இலக்கணமும் யாப்பும் பொருளறிவுமே வேண்டும். அங்குக் கருவி ஓய்ந்து தமிழாசிரியர் பணி தொடங்குகிறது.

காலக்கணிப்பிலும் இடர்ப்பாடு உண்டு. நம்மிடம் எஞ்சிய தமிழ் ஓலைகளிற் பெரும்பாலானவை 17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரையிலானவை. கதிரியக்கக் கரிமக் கணிப்போ 1650க்குப் பிற்பட்ட பொருள்களுக்குப் பல ஆண்டுகளை ஒருங்கே விடையாகத் தரும், தெளிவு கிடையாது. சுவடி முடிவில் எழுதியவர் பிரபவ, விபவ என ஆண்டுப்பெயர் குறித்திருப்பார். அப்பெயர் 60 ஆண்டுக்கு ஒரு முறை திரும்ப வரும். இவ்விடத்தில் வண்ணம் சிறு துணை செய்யலாம். பிரஷ்ய நீலம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் உண்டானது. செயற்கைச் சாயங்கள் 1856க்குப் பிற்பட்டவை. சுவடியின் மரச்சட்டத்திலோ ஓரத்திலோ இவை காணப்பட்டால், அவ்வண்ணம் அந்நாளுக்கு முன்பு பூசப்பட்டதன்று என்று துணியலாம். எழுத்தைப் பற்றி அவ்வாறு துணியலாகாது. சுவடியின் பிற்கால வாழ்க்கை குறித்தே அது சான்றாகும்.

இவ்வகை ஆய்வில் இன்று முன்னிற்பவற்றுள் ஒன்று ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தின் சுவடிப் பண்பாட்டு ஆய்வு மையம். தமிழ் ஓலைச்சுவடிகளையும் அது ஆராய்கிறது. சுவடியை ஆய்வகத்திற்குக் கொண்டுசெல்லாமல், ஆய்வகத்தைச் சுவடி இருக்கும் இடத்திற்குக் கொண்டுசெல்வது அங்குள்ளோர் கைக்கொள்ளும் வழி. புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனங்கள் காத்துவரும் சைவச் சுவடித் தொகுதி 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. அத்தகைய தொகுதிகள் வேதியியலாரும் மொழியியலாரும் ஒரே மேசையில் அமர்வதற்குரிய இடங்கள்.

செய்யத்தக்கன

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் சில வேண்டுகோள்கள்.

சுவடி ஒன்று கைக்கு வந்தால், மை பூசுமுன் படமெடுங்கள். ஒளியை மேலிருந்து பாய்ச்சாமல் பக்கவாட்டில், தாழ்ந்த கோணத்தில் பாய்ச்சினால் மையில்லாத கீறலும் நிழலால் புலப்படும். கைப்பேசியும் கைவிளக்கும் இதற்குப் போதும். பல சுவடிகளுக்குப் பூசவே தேவையிராது. பூசித்தான் ஆகவேண்டுமெனில், சில ஏடுகளைத் தொடாமல் விடுங்கள். எதை, என்று, எந்த ஏட்டில் பூசினீர்கள் என்று குறிப்பு எழுதிச் சுவடியோடு வையுங்கள். பின்னர்க் கருவியோடு வருபவர்க்கு அக்குறிப்பு விளக்காகும்.

சிங்கப்பூரில் நம் வீடுகளில் ஓலை இருப்பது அரிது. ஆனால் பாட்டனார் ஊருக்கு எழுதிய கடிதங்களும், கடைக் கணக்கேடுகளும், மையால் எழுதிய பழைய பத்திரங்களும் இருக்கின்றன. அவற்றைப் பிளாஸ்டிக் உறையில் வைத்துச் சூடேற்றி ஒட்டாதீர்கள். மங்கிய எழுத்தின்மேல் பேனாவால் திரும்ப எழுதாதீர்கள். நன்மை செய்வதாக எண்ணியே நாங்களும் அன்று கரி குழைத்தோம்.

அந்தச் சுவடி இன்று எங்குள்ளதோ அறியோம். அதைக் கண்டெடுக்கும் ஒருவர், எழுத்துகளில் படிந்துள்ள கரியின் மேலடுக்கு 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது என்று என்றேனும் கூறக்கூடும். அந்த மேலடுக்குக்கு உரியவர்கள் நாங்களே. அதன்கீழ் எஞ்சியிருப்பது எதுவாயினும் அவர் அதைப் படிக்கட்டும்.